ஒரே வீடு, ஒரே கட்டில்

(முதுமையும் பார்க்கின்சன் நோயும் குறித்த பொது உரையின் எழுத்து வடிவம்)



நான் வீடு வீடாகச் சென்று சிகிச்சை தரும் இயன்முறை மருத்துவர். நான் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களில் பலர் பார்க்கின்சன் நோயோடு வாழ்கிறவர்கள். நரம்பியல் மருத்துவர் இவர்களை மாதக்கணக்கில் இடைவெளிவிட்டு ஒருமுறை, அதுவும் சில நிமிடம்தான் பார்க்கிறார். மீதிப் பொழுது முழுவதும் இவர்களைக் காப்பது வீடு. வீடு என்று நான் சொல்லும்போது தரை, நிலைப்படி, கட்டில், கழிப்பறைக் கதவு, இரவு விளக்கு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த நோயோடு எண்பதைத் தாண்டியவருக்கு மாறாத ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டை அவர் உடம்புக்கு ஏற்றபடி திருத்த வேண்டும். மருந்துச் சீட்டில் இதை யாரும் எழுதித் தருவதில்லை. அதனால்தான் இங்கே சொல்ல வந்தேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. லண்டனை ஒட்டிய ஹாக்ஸ்டனில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் ஆறு பேரை விவரித்தார். அவர்களில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி; வீட்டுக்குள் எப்படி எழுந்தார்கள், எப்படிப் படுத்தார்கள் என்று பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. நடுமூளையில் கருமை படிந்த ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்கே டோப்பமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிவதுதான் நோய்க்குக் காரணம் என்பது அவர் காலத்துக்கு வெகு பின்னால் தெரிந்தது. 1960-களில் லெவோடோப்பா மருந்து வந்தது. இன்றுவரை அதுவே முதல் மருந்து. அது அறிகுறிகளைத் தணிக்கும். அழிந்த உயிரணுக்களைத் திருப்பித் தராது. நம் ஊர்ப் பூனைக்காலி விதையிலும் லெவோடோப்பா இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எண்பது வயது உடம்பில் அந்தச் சோதனை வேண்டாம்.

வயது ஏற ஏற இந்த நோய் கூடும். 1980-களில் மும்பையின் பார்சி குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு 328 பேர் என்று வந்தது. அந்தக் காலத்தில் அது மிக உயர்ந்த கணக்கு. அந்தச் சமூகத்தில் முதியவர்கள் மிகுதி என்பது அதற்கு முக்கியக் காரணம். தமிழ்நாடும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இங்கே அறுபதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். இனி நம் தெருவுக்குத் தெரு இந்த நோயோடு ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார்கள்.

எல்லோர் கண்ணுக்கும் படுவது கைநடுக்கம். ஆனால் இந்த வயதில் ஆளைக் கீழே தள்ளுவது நடுக்கம் அல்ல. உடல் விறைப்பு, அசைவில் மந்தம், நிலைதடுமாற்றம், இவற்றோடு நடந்துகொண்டிருக்கும்போதே கால் சட்டென்று நின்றுவிடும் உறைநிலை. நல்ல உடம்பில் நடப்பதற்கு யோசிக்க வேண்டியதில்லை. மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகள் பழகிய அசைவைத் தாமே நடத்திவிடும். டோப்பமைன் குறைந்தால் அந்தத் தன்னியக்கம் போய்விடுகிறது. ஒவ்வோர் எட்டையும் நினைத்து நினைத்து வைக்க வேண்டியிருக்கிறது. வாசலைக் கடக்கும்போது, குறுகலான நடையில், திரும்பும்போது, யாராவது அவசரப்படுத்தும்போது கால் நின்றுவிடும். உடம்பு முன்னால் போகும், பாதம் பின்னால் நிற்கும். விழுந்துவிடுகிறார்கள்.

காவிரிக்கரை ஊர் ஒன்றில் ஒரு பெரியவர். எண்பதைத் தாண்டியவர், தறி நெய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். அவர் வீட்டில் ரேழிக்கும் கூடத்துக்கும் நடுவில் நாலு விரற்கடை உயரத்துக்கு நிலைப்படி. அங்கே வந்ததும் நின்றுவிடுவார். மருமகள் கையைப் பிடித்து, "நடங்க மாமா, நடங்க" என்று இழுப்பார். இழுக்க இழுக்கப் பாதம் இன்னும் அழுந்தும். பெரியவருக்கு நெற்றி வியர்க்கும். ஒருநாள் நான் இருக்கும்போதே அவர் மனைவி அடுக்களையிலிருந்து வந்தார். "நீ கையை விடும்மா" என்று மருமகளை விலக்கினார். தன் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்தார். "ஏங்க, என் காலைத் தாண்டி வைங்க." பெரியவர் குனிந்து பார்த்தார், தாண்டி வைத்தார், அடுத்தடுத்து எட்டுப் போட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டார். அந்த அம்மாவுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. லண்டனில் ஜேம்ஸ் பர்டன் மார்ட்டின் என்ற நரம்பியல் மருத்துவர் தரையில் குறுக்குக் கோடு போட்டால் இவர்களால் நடக்க முடிகிறது என்று ஆராய்ந்து 1967-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். தாண்டுவதற்கு ஒன்று கண்ணெதிரே இருந்தால் மூளை வேறு பாதையில் காலைத் தூக்க வைக்கிறது.

அந்த வீட்டில் தச்சரைக் கூப்பிட்டு நிலைப்படியை எடுத்துத் தரையைச் சமமாக்கினோம். தேய்த்துத் தேய்த்து நடப்பவருக்கு உயர்ந்த படி தடுக்கும். தரையோடு தரையாக உள்ள கோடுதான் உதவும். கூடத்திலிருந்து கழிப்பறை வரை அவருடைய எட்டுக்கு ஏற்ற இடைவெளியில் மஞ்சள் நிற இன்சுலேஷன் டேப்பைக் குறுக்கே பட்டை பட்டையாக ஒட்டினோம். நடக்கும் திசையிலேயே நீளவாக்கில் ஒட்டினால் பயனில்லை, குறுக்கேதான் வேண்டும். நிறமும் தரைக்கு எதிர்நிறமாக இருக்க வேண்டும். இந்த நோயில் வெளிறிய நிறங்களைப் பிரித்தறியும் பார்வைத்திறன் குறைந்துவிடுகிறது. கோடு எல்லோருக்கும் உதவும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு "ஒண்ணு, ரெண்டு" என்ற எண்ணிக்கை வேலை செய்கிறது. சிலருக்குப் பாட்டு. எது பொருந்துகிறது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

சமதரையில் கால் நகராதவர் மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறுவதையும் பார்க்கலாம். ஒவ்வொரு படியும் அவருக்கு ஒரு கோடு. நெதர்லாந்தில் நடக்க முடியாமல் உறைந்து நின்ற ஒருவர் சைக்கிளில் ஏறி ஓட்டிப் போனதை பாஸ்டியான் ப்ளூம் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 2010-இல் படத்தோடு வெளியிட்டார்கள். இதைப் பார்க்கிற வீட்டார், "மாடி ஏற முடியுது, பாத்ரூமுக்கு நடக்க முடியலையா?" என்று கேட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். அவர் நடிக்கவில்லை. அதற்காக மாடியில் குடிவைத்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதும், படி திரும்புகிற இடமும் ஆபத்தானவை.

இனி, என் மனத்தில் பெரும் பாரமாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். "அப்பா இந்த மாசம் பெரியவன் வீட்டுல, அடுத்த மாசம் சின்னவன் வீட்டுல" என்று முறைவைத்துப் பெற்றோரை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். சில குடும்பங்களில் அம்மா ஒரு வீடு, அப்பா ஒரு வீடு. பிள்ளைகளுக்குள் சண்டை வராமல் இருக்க இது நல்ல ஏற்பாடு என்று பஞ்சாயத்தில்கூடச் சொல்லிவிடுகிறார்கள். திடமான உடம்புக்கு அது மனக்கஷ்டத்தோடு போகும். பார்க்கின்சன் உள்ள உடம்புக்கு அது நேரடியான தீங்கு. பழகிய வீட்டில் தூண் எங்கே, சுவர் எங்கே, இருட்டில் கை நீட்டினால் எது அகப்படும் என்று அவருக்குத் தெரியும். மாதம் பிறந்தால் புது வாசல், புது வழவழத் தரை, வேறு உயரத்தில் கட்டில், உள்பக்கம் திறக்கிற கழிப்பறைக் கதவு. ஒன்றைக் கற்றுக்கொள்வதற்குள் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். மாத்திரை நேரமும் வீட்டுக்கு வீடு மாறுகிறது. முறை மாறிய முதல் வாரத்தில் விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, அதன்பிறகு எழுந்திருக்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பணத்தைப் பங்கிடட்டும், இரவில் முழித்திருப்பதைப் பங்கிடட்டும், விடுமுறையைப் பங்கிடட்டும். பெற்றவர் ஓரிடத்தில் இருக்க, பிள்ளைகள் முறைவைத்து அங்கே வரட்டும்.

சரி, அந்த ஒரு வீட்டை எப்படித் திருத்துவது? கழிப்பறையிலிருந்து தொடங்குங்கள். விழுவது அங்கேதான் அதிகம். கதவு உள்பக்கமாகத் திறந்தால், உள்ளே விழுந்தவர் கதவின்மேலேயே கிடப்பார். வெளியிலிருந்து தள்ளவும் முடியாது. ஆகவே கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்தாழ்ப்பாளை எடுத்துவிடுங்கள். சுவரில் துண்டு போடும் கம்பியையும் குழாயையும் பிடித்துக்கொண்டுதான் பலர் எழுகிறார்கள். அவை ஆள் பாரத்தைத் தாங்காது. நல்ல கனமான கைப்பிடியை போல்ட் போட்டு முடுக்குங்கள். குந்தி உட்காரும் கழிப்பறை இனி வேண்டாம். மேற்கத்திய கழிப்பறையின் இருக்கையும் தாழ்வாக இருந்தால் உயர்த்தும் வளையம் கடையில் கிடைக்கிறது. குளிக்கும்போது உட்கார்ந்து குளிக்கட்டும். பக்கெட்டைத் தரையில் வைத்தால் ஒவ்வொரு சொம்புக்கும் குனிய வேண்டும்; அதைத் தூக்கி முக்காலியில் வையுங்கள். இவ்வளவுக்கும் ஆகும் செலவு இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சைச் செலவில் ஒரு சிறு பங்குகூட இருக்காது.

அடுத்தது உட்காரும் இடம். தாத்தாவுக்கு என்று வைத்திருக்கும் சாய்வு நாற்காலி இந்த நோய்க்கு ஆகாது. துணி தொங்கி, இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடும். யாராவது தூக்கிவிடும்வரை அதிலேயே கிடக்க வேண்டும். மெத்தென்று அமிழும் சோபாவும் அப்படித்தான். கைவைத்த கனமான மரநாற்காலி போதும். எழும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு கழன்றுவிடும். நாற்காலி விளிம்புக்கு வரச் சொல்லுங்கள், பாதத்தைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லுங்கள், மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனியச் சொல்லுங்கள், மூன்று எண்ணி எழச் சொல்லுங்கள். உங்கள் கை முதுகில் இருந்தால் போதும்.

இரவு தனி உலகம். பகலில் யாருக்கும் தெரியாத துன்பம் இரவில்தான். புரண்டு படுக்க முடியாமல் விடியும்வரை ஒரே பக்கம் கிடக்கிறார்கள். பருத்தி விரிப்பும் பருத்தி வேட்டியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இடுப்புப் பகுதிக்கு மட்டும் சாட்டின் துணியைக் குறுக்கே விரித்து நன்றாகச் செருகிவிட்டால் புரள்வது எளிதாகும். கட்டிலின் உயரம், உட்கார்ந்தால் இரு பாதமும் தரையில் முழுதாகப் பதிகிற அளவு. ஒருக்களித்து எழப் பிடிப்பதற்குக் கட்டிலில் ஒரு கம்பி. சிறுநீருக்காகப் பலமுறை எழுவார்கள். படுத்தவர் சட்டென்று எழுந்து நின்றால் இந்த நோயில் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கி, கண் இருட்டும். முதலில் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்காரட்டும், காலை ஆட்டட்டும், பிறகு நிற்கட்டும். ஆண்களுக்குச் சிறுநீர்க் குடுவை கட்டிலருகே இருந்தால் பாதி நடை மிச்சம். அணையாத ஒரு சிறு விளக்கு அவசியம். சிலர் கனவில் உதைப்பார்கள், கத்துவார்கள். அதுவும் நோயின் பகுதிதான், கட்டிலை ஒட்டிக் கூரான மேசையை வைக்காதீர்கள். வேட்டி அவிழ்ந்து காலில் சிக்கிப் பலர் விழுகிறார்கள். ஒட்டிக்கொள்ளும் வேட்டி இப்போது எல்லா ஜவுளிக்கடையிலும் கிடைக்கிறது. கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி கட்டிவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒரு முக்கியமான விஷயம். நாம் எச்சில் படாமல் அண்ணாந்து தண்ணீர் குடித்துப் பழகியவர்கள். விழுங்கும் திறன் குறைந்தவர் அண்ணாந்து குடித்தால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும். அது நுரையீரலில் சளிக்காய்ச்சலாக முடியும். முற்றிய நிலையில் பலரின் உயிரைக் கொண்டுபோவது அதுதான். பெரிய மனிதர், ஆசாரமாக வாழ்ந்தவர், டம்ளரை வாயில் வைக்கக் கூச்சப்படுவார். அவருக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக வைத்து, "இது உங்களுக்கு மட்டும்தான்" என்று சொல்லி, உதட்டில் வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, ஒவ்வொரு வாயாகக் குடிக்கப் பழக்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்காதீர்கள். விழுங்குவதற்கே அவருக்கு முழுக் கவனம் வேண்டும்.

மாத்திரையை மணி பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். "சாப்பிட்டுட்டுப் போட்டுக்கலாம்" என்பது இந்த மருந்துக்குப் பொருந்தாது. பாலிலும் பருப்பிலும் உள்ள புரதம் மருந்தோடு போட்டிபோட்டு அதை உள்ளே போகவிடாது. பால் காப்பியோடு விழுங்கிவிட்டு, வேலை செய்யவில்லை என்று டாக்டரிடம் போய்ச் சொல்பவர்கள் நிறைய. பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், வெறும் தண்ணீரில். நோய் முற்றியவருக்கு மருந்தின் பலம் மும்முனை மின்சாரம்போல வந்து வந்து போகும். வயலுக்கு மின்சாரம் வரும் நேரத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொள்வதுபோல, குளியலையும் நடையையும் அந்த நல்ல வேளையில் முடித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: வாந்திக்கும் தலைச்சுற்றலுக்கும் குழப்பத்துக்கும் கொடுக்கும் சில மருந்துகள், மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால் போன்றவை, இந்த நோயைக் கடுமையாக்கும். இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். லெவோடோப்பாவை மட்டும் யார் சொல்லியும் திடீரென்று நிறுத்தாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.

முகத்தைப் பற்றியும் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகத் தசைகள் இறுகிச் சிரிப்பு வெளியே தெரியாது. பேரன் வந்து நின்றால் உள்ளே மகிழ்ச்சி பொங்கும், முகத்தில் ஒன்றும் இருக்காது. "தாத்தா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கார்" என்று பிள்ளைகள் விலகிப் போகிறார்கள். குரலும் தேய்ந்துவிடும். எண்பது வயதில் கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீடுகளில் இவருக்குக் குரல் எழும்பாது, அவருக்குக் காது கேட்காது. ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் தனித்தனியாகிவிடுகிறார்கள். கட்டிலருகே ஒரு பொத்தானும் அடுக்களையில் ஒலிக்கும் மணியுமாக வயர் இல்லாத காலிங் பெல் வைத்துக்கொடுங்கள். செய்தித்தாளைத் தினமும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அது குரலுக்கும் பயிற்சி.

சிலர் மாலை மங்கும் நேரத்தில், மூலையில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார்கள். கொடியில் தொங்கும் சட்டை ஆளாகத் தெரியும். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போக வேண்டாம். அது நோயாலும் மருந்தாலும் வருவது. சில சமயம் சிறுநீரில் கிருமி இருந்தாலும் திடீரென்று கூடும். "அங்க ஒண்ணுமே இல்ல" என்று சண்டை போடாமல் விளக்கைப் போடுங்கள், கொடித் துணியை எடுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றிப் பேசாமல் போக எனக்கு மனம் வராது. பெரும்பாலும் எழுபத்தைந்து வயது மனைவி, அல்லது வேலைக்கும் போய்வரும் மருமகள். அவர்கள் தூங்கியே வருடக்கணக்கானதை நான் கண்களைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வாரத்தில் ஓர் இரவாவது வேறொருவர் அந்தக் கட்டிலருகே படுக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்பினால் போதும் என்று நினைக்கக் கூடாது. வருடத்தில் சில வாரமாவது வந்து அந்த இரவுகளைத் தானே பார்க்கட்டும்.

வீட்டில் முடியவே முடியாத நிலை வரும். அப்போது முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். மாதத்துக்கொரு வீடு மாறுவதைவிட நல்ல இல்லம் ஒன்றில் நிலையாக இருப்பது மேல். ஆனால் தன் வேலையைத் தானே செய்துகொள்பவரை மட்டுமே பல இல்லங்கள் சேர்த்துக்கொள்கின்றன. நோய் முற்றினால் திருப்பி அனுப்பிவிடுகின்றன. சேர்க்கும்போதே கேளுங்கள்: இரவில் ஆள் உண்டா? மாத்திரையை அவரவர் மணிக்குக் கொடுப்பீர்களா, எல்லோருக்கும் ஒரே வேளையா? நடக்க முடியாமல் போனால் வைத்துக்கொள்வீர்களா? இதற்கு நேரான பதில் வராத இடத்தில் சேர்க்காதீர்கள்.

அரசிடம் கேட்டுப் பெற வேண்டியவையும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பார்க்கின்சன் நோயும் ஒன்று. பலருக்கு இது தெரியாது; வயோதிகம் என்று விட்டுவிடுகிறார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயரைப் பதியுங்கள். அரசுக்கு என் கோரிக்கை ஒன்று உண்டு. லிப்ட் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மூன்றாம் மாடியில் இருக்கும் இத்தகைய முதியவர்களுக்குத் தரைத்தளத்தில் வீடு மாற்றித் தரும் நடைமுறை எளிதாக வேண்டும். கீழே இறங்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் ஒரே அறையில் இருப்பவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

இங்கே வந்திருக்கும் மகன்களிடமும் மகள்களிடமும் ஒரு வேண்டுகோள். எந்த வீட்டில் இருக்க விருப்பம் என்று உங்கள் அப்பாவையோ அம்மாவையோ நேராகக் கேளுங்கள். எதிரே உட்கார்ந்து, டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இந்த நோயில் யோசனையும் மெதுவாகத்தான் வரும், சொல்லும் மெதுவாகத்தான் வரும். பதில் வரும்வரை காத்திருங்கள். அவருக்காக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். அவர் சொன்ன வீட்டின் கழிப்பறைக் கதவை இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.